சின்ன வண்டியில இருந்து பெரிய வண்டிக்கு: பைக் கேள்வி-பதில்

போன இதழ்ல பைக் சம்பந்தமா கேள்வி அனுப்புங்கன்னு சொல்லியிருந்தோம். வந்ததுல நிறைய பேர் கேட்டது ஒரே விஷயம்தான், நூறு சிசி நூத்தம்பது சிசி ஓட்டிட்டு இருக்கேன், பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மாறலாமான்னு. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: ரொம்ப வருசமா ஸ்ப்ளெண்டர்தான் ஓட்டுறேன். இப்ப நேரா கேடிஎம் ஆர்சி 390 எடுக்கலாம்னு காசு சேர்த்து வச்சிருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் முதல்ல யமஹா ஆர்15 எடு, அப்புறம் மாறிக்கன்னு சொல்றாங்க. ரெண்டு தடவ செலவு பண்ணனுமா அண்ணா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தம்பி, உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா அவங்க பயப்படுறது பவர பாத்துன்னு நினைக்கிறேன், நான் பயப்படுறது பிரேக்க பாத்து.

முதல்ல கணக்க பாத்துருவோம். ஸ்ப்ளெண்டர் 97.2 சிசி, பவர் சுமார் 8 பிஎஸ் (குதிரைத்திறன் கணக்கு), எடை 112 கிலோ. ஆர்சி 390 வந்து 373 சிசி, 43.5 பிஎஸ், 172 கிலோ. பவர் அஞ்சு மடங்குக்கு மேல, எடை ஒன்றரை மடங்கு. நடுவுல ஆர்15 இருக்கு, 155 சிசி, 18.4 பிஎஸ், 142 கிலோ கிட்ட. பவர் உங்க வலது கைக்குள்ள இருக்குற விஷயம், நீங்க முறுக்குனாதான் வரும், நிதானமான ஆளா இருந்தா ரெண்டு மூணு வாரத்துல கை பழகிரும். பிரேக் அப்படி கிடையாது. மாடு எப்ப குறுக்க வரும்னு நீங்க முடிவு பண்றது இல்ல, அந்த நேரத்துல மூளை யோசிக்காது, இத்தன வருசம் கால் என்ன பழகியிருக்கோ அதத்தான் செய்யும்.

நம்ம ஊர்ல நூறு சிசி வண்டி ஓட்டுறவங்கள்ல நெறைய பேர் பின் பிரேக்க மட்டும்தான் மிதிக்கிறாங்க. முன் பிரேக்க புடிச்சா தூக்கி வீசிரும்னு யாரோ சின்ன வயசுல சொல்லி வச்சது, அப்படியே மனசுல நின்னுருது. டிரம் பிரேக்குல 40, 50 போறப்ப அத வச்சு சமாளிச்சுரலாம். ஆனா பிரேக் புடிச்ச உடனே வண்டியோட எடை முன்னாடி சாயுது, பின் சக்கரம் லேசாயிருது, லேசான சக்கரத்தால எவ்ளோதான் நிறுத்த முடியும்? நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன் பிரேக்குதுதான். ஆர்சி 390-ல முன்னாடி 320 மிமீ டிஸ்க் போட்டு வச்சிருக்கறதே அதுக்குத்தான், நீங்க அத தொடாம பின்ன மட்டும் மிதிச்சா அவ்ளோ காசு குடுத்து வாங்குன பிரேக்குல முக்கால்வாசிய வீட்ல வச்சுட்டு வந்த மாதிரி. அதே சமயம், பழக்கமில்லாத கை பதட்டத்துல லீவர திடீர்னு இறுக்குனாலும் ஆபத்துதான். ஏபிஎஸ் நேரா போறப்ப சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கும், ஆனா வண்டி வளைவுல சாஞ்சிருக்கும்போதும், ரோட்ல மணல் கிடக்கும்போதும் அதால ஓரளவுதான் காப்பாத்த முடியும்.

வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் புடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு ஆகும். காஞ்ச ரோடு, நல்ல டயர், நல்லா பிரேக் புடிக்கத் தெரிஞ்ச ஆளுன்னே வச்சுக்கோங்க. 40-ல போனா சுமார் 9 மீட்டர்ல நிக்கலாம், 80-ல போனா 36 மீட்டர், 120-ல போனா 80 மீட்டருக்கு மேல. இது பிரேக் புடிச்சதுக்கு அப்புறம் ஓடுற தூரம் மட்டும்தான். பாத்து, உறைச்சு, கை லீவருக்கு போறதுக்கு ஒரு செகண்டு ஆகுதுன்னா 120-ல அதுக்குள்ளயே இன்னொரு 33 மீட்டர் போயிருப்பீங்க. ஸ்ப்ளெண்டர் தம் கட்டி போற வேகத்த ஆர்சி 390 சத்தமே இல்லாம தாண்டிரும், ஸ்பீடோமீட்டர பாத்தாத்தான் தெரியும். நாலு வழிச்சாலையில டூவீலருக்கு மத்திய அரசு 2018-ல வச்ச வரம்பே 80 தான்ங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க.

அதனால நான் சொல்றது இதுதான். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, இப்ப இருக்குற ஸ்ப்ளெண்டர்லயே ஒரு மாசம் பிரேக் பழகுங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஆள் இல்லாத, நல்ல தார் போட்ட இடமா பாத்து, 30-ல போயி ரெண்டு பிரேக்கையும் சேர்த்து புடிச்சு நிறுத்துங்க. முன் லீவர டக்குனு இறுக்காம, முதல்ல லேசா புடிச்சு எடை முன்னாடி வந்து உக்கார விட்டு, அப்புறம் அழுத்தத்த கூட்டிக்கிட்டே போகணும். கண்ணு தரைய பாக்க கூடாது, தூரமா பாக்கணும். கை தானா பழகுனதும் 40, அப்புறம் 50. இது வந்துருச்சுன்னா ஆர்15 எடுக்காம நேரா 390 போறதுல எனக்கு ஆட்சேபனை கிடையாது, ரெண்டு தடவ செலவும் வேண்டாம். ஒரு மாசம் இதுக்கு ஒதுக்க மனசு வரலன்னா ஆர்15 எடுங்க, அதுவும் முழு ஸ்போர்ட்ஸ் பைக்குதான், அதுல ரெண்டு வருசம் ஓட்டினா உங்களுக்கு வர்ற கை வேற யாராலயும் குடுக்க முடியாது.

கேள்வி: என் பையனுக்கு 19 வயசு. காலேஜ் போக 390 சிசி பைக் வேணும்னு அடம். அவங்க அப்பா முடியவே முடியாதுங்கறார். நடுவுல நான் மாட்டிக்கிட்டு இருக்கேன். என்ன சொல்றது? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: அம்மா, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். அப்பா பயப்படுறது சரி, பையன் ஆசைப்படுறதும் தப்பு இல்ல. ஒரேயடியா முடியாதுன்னு சொன்னா ஃப்ரெண்டோட வண்டிய வாங்கி ஓட்டுவான், அப்ப ஹெல்மெட் கூட அவனோடதா இருக்காது. எனக்கு அதுதான் இன்னும் பயம்.

நம்ம நாட்டுல கியர் வண்டிக்கு ஒரே லைசென்ஸ்தான், 18 முடிஞ்சு நூறு சிசியில எட்டு போட்டு காட்டிட்டா அதே லைசென்ஸ்ல ஆயிரம் சிசி ஓட்டலாம். மத்த நாட்டுல அப்படி விடுறது இல்ல. இங்கிலாந்துல படிப்படியா வச்சிருக்காங்க, 17 வயசுல 125 சிசி வரைக்கும், 19 வயசுல 35 கிலோவாட் பவர் வரைக்கும், அதுக்கு மேல போகணும்னா இன்னும் வயசும் இன்னொரு டெஸ்ட்டும் வேணும். ஜப்பான்ல சாதாரண பைக் லைசென்ஸ்ல 400 சிசி வரைக்கும்தான், அதுக்கு மேல தனி லைசென்ஸ். ஆர்சி 390 கணக்கு போட்டா 32 கிலோவாட் தான் வருது, அப்ப இங்கிலாந்துல ஒரு 19 வயசு பையன் இத ஓட்டலாம், ஆனா நடு ரோட்ல அவன் பின்னாடியே ஒருத்தர் வந்து பாத்து பாஸ் போட்டதுக்கு அப்புறம்தான். இங்க அந்த டெஸ்ட்ட வைக்க ஆள் இல்லாததால அந்த வேலைய நீங்கதான் செய்யணும்மா.

என் யோசனை, முதல்ல வீட்ல இருக்குற வண்டியில ஒரு வருசம் ஓட்டட்டும். ஹெல்மெட் மாட்டுறானா, ராத்திரி லேட்டா சுத்துறானா, ஃபைன் வருதா, பின்னாடி உங்கள உக்கார வச்சா எப்படி ஓட்டுறான், இதெல்லாம் பாருங்க. நீங்களே ஒரு நாள் பின்னாடி உக்காந்து போங்க, ஓட்டுறவனோட பக்குவம் பின்னாடி உக்கார்றவங்க வயித்துக்கு தெரியும். ஒரு வருசம் ஒழுங்கா ஓட்டினா நூத்தம்பது நூத்தறுபது சிசியில ஒண்ணு வாங்கி குடுங்க. வாங்குற அன்னைக்கு முதல்ல ரைடிங் கியர், அப்புறம் வண்டி, இந்த வரிசைய மாத்தாதீங்க. முழு முகம் மூடுற ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட், கையுறை, முழங்கை தோள்பட்டையில பேடு வச்ச ஜாக்கெட், முழங்காலுக்கு கார்டு, கணுக்காலுக்கு மேல வர்ற ஷூ. வெயில் ஊருக்கு வலை மாதிரி காத்து போற ஜாக்கெட் கிடைக்குது, வேர்க்குதுன்னு சொல்லி தப்பிக்க விடாதீங்க. 390 பேச்ச அவன் காலேஜ் முடிச்சு சொந்த சம்பளத்துல இன்சூரன்ஸ் கட்டுற நாள்ல பேசிக்கலாம்.

கேள்வி: நான் அஞ்சடி ரெண்டு அங்குலம். இப்ப 125 சிசி பைக் ஓட்டுறேன். ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்க ஆசை, ஆனா கால் எட்டாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. (வாசகி, கோவை)

பதில்: எட்டும் தங்கச்சி, ஆசைய விடாதீங்க. ஷோரூம்ல சீட் ஹைட்னு ஒரு நம்பர் சொல்வாங்க, ஆர்15-க்கு 815 மிமீ, அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 810, கவாஸாகி நின்ஜா 300-க்கு 780. நம்பர மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, சீட்டோட முன்பக்கம் ஒல்லியா இருந்தா உயரமான வண்டியில கூட கால் நல்லா இறங்கும், அகலமா இருந்தா குள்ளமான வண்டியிலயும் குதிகால் தூக்கிக்கும். ஓட்டும்போது போடுற அதே ஷூவ போட்டுட்டு போயி உக்காந்து பாருங்க.

ரெண்டு காலும் முழுசா பதியணும்னு அவசியமே இல்ல. நிறுத்தும்போது லேசா இடது பக்கமா நகந்து உக்காந்து இடது கால முழுசா ஊனுங்க, வலது கால் பின் பிரேக்குல இருக்கட்டும். சிக்னல்ல நிக்கறதுக்கு முன்னாடி தரை எங்க மேடு எங்க பள்ளம்னு கண்ணு பாத்துரணும், குழி பக்கம் கால் வச்சாதான் வண்டி சாயும். பார்க்கிங்ல வண்டி மூக்கு சரிவுல கீழ பாத்து நிக்கிற மாதிரி விட்டுட்டு போகாதீங்க, திரும்ப வந்து பின்னாடி இழுக்க 170 கிலோ வண்டியில யாரா இருந்தாலும் திணறணும்.

வண்டிய இறக்கி தர்றேன்னு சில மெக்கானிக்குங்க சொல்வாங்க, லிங்க் மாத்தி பின்பக்கத்த தாழ்த்துறது. உடனே ஒத்துக்காதீங்க. பின்ன மட்டும் இறக்குனா வண்டி வளையுற குணமே மாறிரும், ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும், சைடு ஸ்டாண்டு நீளமாகி வண்டி நிமிந்து நின்னு எதிர்ப்பக்கம் சாயும். சீட் ஃபோம கொஞ்சம் செதுக்கி ஒல்லியாக்குறது அதவிட பாதுகாப்பு.

கேள்வி: தினமும் தாம்பரத்துல இருந்து ஓஎம்ஆர் ஆபீசுக்கு போறேன். ஸ்போர்ட்ஸ் பைக்ல மணிக்கட்டு, முதுகு வலிக்குமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: அந்த ரூட்ல தினமும்னா வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஹேண்டில்பார் கீழ இருக்கறதால உடம்பு எடை கைக்கு வருது. வேகமா போறப்ப எதிர்க்காத்து நெஞ்ச தாங்கிக்கும், டிராஃபிக்ல அந்த காத்து இல்ல. டேங்க்க முழங்காலால இறுக்கி புடிச்சு, வயித்து தசையால உடம்ப தாங்கி, முழங்கைய மடக்கி கைய லூசா வச்சா பாதி வலி போயிரும். மீதி பாதி போகாது. இன்ஜின் சூடு வேற, சென்னை மே மாசத்துல சிக்னல்ல ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சா அந்த அனல் தொடைக்குதான் வரும்.

அதே இன்ஜின் வேணும், உக்கார்ற வாகு மட்டும் நிமிந்து இருக்கணும்னா அதுக்கு வழி இருக்கே. ஆர்15 இன்ஜின்தான் எம்டி-15ல, ஆர்ஆர் 310 இன்ஜின்தான் ஆர்டிஆர் 310ல, ஓசூர்லயே பண்ற வண்டி. உங்களுக்கு நான் இந்த மாதிரி ஒண்ணத்தான் சொல்லுவேன். ஃபேரிங், அதாவது வண்டிய மூடுற பிளாஸ்டிக் கவர், அதோட அழகுக்காக தினமும் ரெண்டு வேளை மணிக்கட்ட நோகடிச்சா கொஞ்ச மாசத்துல வண்டி மேலயே வெறுப்பு வந்துரும், ஆசப்பட்டு வாங்குன வண்டி மேல அப்படி ஒரு வெறுப்பு வர்றத பாக்க எனக்கு மனசு கேக்காது.

கேள்வி: 310 சிசிக்கும் 390 சிசிக்கும் ஷோரூம் விலைய தாண்டி செலவுல என்ன வித்தியாசம் வரும்? (வாசகர், சேலம்)

பதில்: கோடு 350 சிசியில இருக்கு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சுது, அதுக்கு மேல போனா 40 சதவீதம். அதனால ஆர்ஆர் 310, நின்ஜா 300 எல்லாம் ஒரு பக்கம், ஆர்சி 390 அந்தப் பக்கம். இன்சூரன்ஸும் அதே கோடுதான். 2022 ஜூன்ல வந்த ரேட்படி தேர்ட் பார்ட்டி (மத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) ஒரு வருசத்துக்கு 75-ல இருந்து 150 சிசி வரைக்கும் 714 ரூபா, 150-ல இருந்து 350 வரைக்கும் 1366, அதுக்கு மேல 2804. புது வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு சேர்த்து கட்டணும்ல, அது 150-ல இருந்து 350 வரைக்கும் 7365, மேல 15117, வரி தனி. உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான இன்சூரன்ஸ் இதுல சேராது.

அப்புறம் டயர். நூறு சிசி வண்டி டயர் வருசக்கணக்கா வரும், ஸ்போர்ட்ஸ் பைக்ல கிரிப்புக்காக மெத்துன்னு இருக்குற ரப்பர், சீக்கிரம் தேயும், விலையும் பல மடங்கு. செயின் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவ தொடச்சு செயின் லூப் (உராய்வு குறைக்குற எண்ணெய்) அடிக்கணும். கீழ போட்டா ஃபேரிங் ஒரு பக்கம் மாத்துறதுக்கே கணிசமா ஆகும். சேலத்துல இருக்கீங்க, நீங்க எடுக்குற கம்பெனிக்கு உங்க ஊர்ல சர்வீஸ் இருக்கா, ஸ்பேர்ஸ் எத்தன நாள்ல வரும்னு அங்க வண்டி விட வர்றவங்ககிட்டயே கேளுங்க, ஷோரூம்ல கேக்காதீங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் நின்ஜா 300 ஒண்ணு வருது. என்ன பாக்கணும்? (வாசகர், மதுரை)

பதில்: நல்ல வண்டி, ரெண்டு சிலிண்டர், 296 சிசி, 39 பிஎஸ், சாதுவா ஓடும், பெரிய வண்டிக்கு மாறுறவங்களுக்கு நான் சந்தோஷமா சொல்ற வண்டி. ஆனா ஸ்போர்ட்ஸ் பைக் செகண்ட்ஸ்ல முதல்ல தேட வேண்டியது விழுந்த அடையாளம். ஹேண்டில் நுனி, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, சைலன்சர் ஓரம், இன்ஜின் கவர் இதுல கீறல் இருக்கா பாருங்க, ஃபேரிங் மட்டும் புதுசா பளபளன்னு இருந்தா சந்தேகப்படுங்க. ஹேண்டில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, அது இடிச்சு நிக்கிற இடத்துல நசுங்கல் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, இருந்தா பெரிய அடி வாங்கின வண்டி. ஃபோர்க்ல ஆயில் கசிவு, செயின் ஸ்ப்ராக்கெட் பல்லு கூரா தேஞ்சிருக்கா, டயர்ல தயாரிச்ச வாரமும் வருசமும் நாலு இலக்கமா இருக்கும் அதையும் பாருங்க. இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணணும், நீங்க போறதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க. ஆர்சி புக்ல லோன் பாக்கி இருக்கான்னு பரிவாகன் ஆப்ல ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும்.

கேள்வி: குயிக் ஷிஃப்டர் அவசியமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இல்ல. கிளட்ச் புடிக்காமலே கியர் மாத்த விடுற வசதிதான் அது, அந்த காசுக்கு நல்ல கையுறை வாங்குங்க.

கேள்வி: ஆர்15 நல்லா ஓட்டி பழகிட்டேன். அடுத்து நின்ஜா 650 போகலாமா, நடுவுல ஒண்ணு வேணுமா? கொல்லிமலை, ஏற்காடு எல்லாம் போறது என் பழக்கம். (வாசகர், நாமக்கல்)

பதில்: போகலாம். 68 பிஎஸ், இழுவை (டார்க்) 64 நியூட்டன் மீட்டர், 196 கிலோ. ஆர்15-ல 14.2 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் இன்ஜின கத்த விட்டாதான் இழுக்கும், நீங்க த்ராட்டில முழுசா திறந்து பழகியிருப்பீங்க. 650-ல கீழ ஆர்பிஎம்லயே இழுவை நிக்குது, அந்த பழைய கைய கொல்லிமலை வளைவுல கொண்டு போனா பின் சக்கரம் வழுக்கும், அதனால முதல் சில மாசம் த்ராட்டில கால்வாசிக்கு மேல திறக்காம ஓட்டுங்க. மழையில இன்னும் மெதுவா.

கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்ல சேலம் பக்கம் 20. ஆர்15 மாதிரி அங்க வண்டிய சட்டுனு படுக்க போட முடியாது, கிட்டத்தட்ட 55 கிலோ கூட இருக்கே. வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கும்போதே வேகத்தையும் கியரையும் குறைச்சு முடிச்சுருங்க. திரும்ப வேண்டிய பக்கத்து ஹேண்டில முன்னாடி லேசா தள்ளுங்க, வண்டி அந்தப் பக்கமே சாயும், எல்லாரும் தெரியாமலே செய்யறதுதான், கனமான வண்டியில தெரிஞ்சு செய்யணும். கண்ணு வளைவு முடியுற இடத்துல இருக்கணும். எதிர்ல வர்ற பஸ்ஸையோ தடுப்பு சுவரையோ உத்து பாத்தா வண்டி அங்கயேதான் போகும், பயத்துல கண்ணு அங்க ஒட்டிக்கும், அத பிச்சு எடுக்கறதுதான் பயிற்சி. பஸ் கொண்டை ஊசியில முழு ரோட்டையும் எடுத்துக்கும், அதனால உங்க பக்கத்து ஓரத்துலயே இருங்க, நடுக்கோட்ட தொடாதீங்க.

வேகமா வளைச்சு பாக்கணும்னு ஆசை இருந்தா, கண்டிப்பா இருக்கும், அதுக்கு மலை இடம் இல்ல. சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கு, கோவை செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. இந்தியாவுல வேற பல மாநிலத்துக்காரங்க ரயில் ஏறி இங்க வந்து ஓட்டிட்டு போறாங்க, நமக்கு பக்கத்துலயே இருக்கு. ரெண்டு இடத்துலயும் டிராக் டே, பயிற்சி வகுப்புன்னு நடக்கும், எதிர்ல லாரி வராது, விழுந்தா சறுக்கிப் போக ஓரத்துல காலி இடம் இருக்கு, ஆம்புலன்ஸ் நிக்கும். உங்க ஆர்15-லயே முதல் வகுப்புக்கு போயிட்டு வாங்க, 650-ஐ புக் பண்றது அதுக்கு அப்புறம் இருக்கட்டும்.